இரண்டு குரூஸும் ஒரு கறுவாச் சண்டையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்ன மனிதர் ஜெர்மனிக்கு வந்து போனவரில்லை. வந்திருந்தால் வீட்டை விட்டுவிட்டு, கல்யாணத்தையே இரண்டு தரம் சொல்லியிருப்பார்.

மன்னார்க் கரையில் பிறந்து, ஹம் நகரத்தில் கம்பி இழுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த பேனாட் குரூஸ், தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் கிறிஸ்ரினா குரூஸைக் கட்டுவதென்று முடிவெடுத்தான். கிறிஸ்ரினாவின் தமையன் யூட்சன் அவனோடு ஒரே ஷிப்ற்றில் வேலை செய்தவன். ஞாயிறு பூசை முடிந்து யூட்சன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிற பேனாட், மீன்குழம்புக்காகத்தான் போகிறேன் என்று ஆறு மாதம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். பிறகு மீன் இல்லாத ஞாயிறுகளிலும் போனான். யூட்சனின் மனைவி லூர்தம்மா இதைக் கவனித்துவிட்டு, கிறிஸ்ரினாவிடம் நேராகவே கேட்டாள். கிறிஸ்ரினா பதில் சொல்லாமல் சட்டியைக் கழுவினாள். கழுவின சட்டியையே மறுபடியும் கழுவினதால் சம்மதம் என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கிறிஸ்ரினாவின் அகதி மனு நிராகரிக்கப்பட்டு, அவள் கையில் இருந்தது 'டுல்டுங்' என்கிற தாள் மட்டும். தமிழில் சொன்னால் பொறுத்துக்கொள்ளல். நீ இங்கே இருக்க அனுமதி இல்லை, ஆனாலும் நீ இருப்பதை இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் பெருமூச்சு விட்டு எழுதிக் கொடுக்கிற தாள் அது. அந்தப் பொறுமை செப்டெம்பர் கடைசி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, இனி நீட்டப்படாது என்று போன தடவையே சொல்லிவிட்டார்கள். பேனாட்டுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தது. அவன் மனைவியானால் அவளை விமானத்தில் ஏற்ற முடியாது. கோயிலில் முதலில் கட்டிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்த நாட்டில் அரசாங்கம் எழுதின பிறகுதான் கடவுள் எழுதலாம்.

ஆகவே இருவரும் லிண்டன்பெக் நகரசபையின் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். லிண்டன்பெக் என்பது ஹம்மிலிருந்து ரயிலில் இரண்டாவது தரிப்பில் இருக்கும் சின்ன ஊர், யூட்சன் வீடு இருந்தது அங்கேதான். அங்கே பதிவாளராக இருந்தவர் ஹெர், அதாவது திருவாளர், பிறிங்க்மன். அவர் கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். யன்னலோரத்துப் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் நேரம் குறித்து வைத்து, அந்த நேரத்தில்தான் ஊற்றுகிற ஒழுங்கான மனிதர்.

மொழிபெயர்ப்புக்கு சேஷாத்திரி வந்திருந்தான். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை, ஆஹென் நகரத்தில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். சொன்னதைக் கூட்டாமல், குறைக்காமல், விளக்கம் கொடுக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவன். சத்தியம் செய்கிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அதைக் காப்பாற்றியே தீருவேன் என்கிறவன் வந்து அமைந்தது பேனாட்டின் தலைவிதி.

பிறிங்க்மன் இரண்டு பெயர்களையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். குரூஸ், குரூஸ். கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே பெயர் வருவது நல்ல வழக்கம், ஆனால் முதலே வந்து நின்றால் அது யோசிக்கவேண்டிய விடயம் என்றார். உறவா என்று கேட்டார். இல்லை என்றான் பேனாட். மணமகளையும் நேரில் கேட்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. ஹெர் குரூஸை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கிறிஸ்ரினாவைக் கேட்டார்.

கிறிஸ்ரினா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பேனாட் அண்ணையை எனக்கு அண்ணை வீட்டிலைதான் தெரியும்."

சேஷாத்திரி ஒரு சொல்லும் சிந்தாமல் ஜெர்மனில் கொடுத்தான்: சகோதரன் பேனாட்டை அவருக்குச் சகோதரனுடைய வீட்டில்தான் தெரியும்.

பிறிங்க்மன் பேனாவை மூடி மேசையில் வைத்தார். தன் மேசைக்கு முன்னால் எத்தனையோ சோடிகள் வந்து இருந்திருக்கின்றன, ஒரு மணமகளும் இதை இவ்வளவு வெட்கத்தோடும் நேர்மையோடும் ஒப்புக்கொண்டதில்லை என்று அவர் முகம் சொல்லிற்று. பேனாட் பதறிப்போய், எங்கள் ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் அண்ணைதான் என்றான். அது, அந்த ஊரில் அனைவரும் சகோதரர்கள் என்று போய்ச் சேர்ந்தது. பேர் ஒன்றாக இருப்பதில் ஒன்றுமில்லை, ஊரில் பாதிப்பேர் குரூஸ்தான் என்று அடுத்ததாகச் சொன்னான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஊரில் எவ்வளவு சனம் என்று பிறிங்க்மன் கேட்டார். ஆயிரக்கணக்கில் என்றான் பேனாட். இத்தனை பேரையும் பெற்ற அந்தத் தாயைப் பதிவாளர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும், அவருக்கே களைத்துப்போயிற்று.

ஒரே தாய் பிள்ளைகள் இல்லையென்றால் ஒரே பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். அது பறங்கி தந்த பேர் என்றான் பேனாட்.

சேஷாத்திரியின் நெற்றி சுருங்கியது. அவன் வீட்டில் பறங்கி என்பது சாம்பாரில் கிடப்பது. பறங்கியா என்று திருப்பிக் கேட்டான். ஓம், பறங்கிதான், கப்பலிலை வந்தது என்றான் பேனாட். சத்தியம் செய்த வாய் அதையும் சொன்னது. கப்பலில் வந்த பூசணிக்காய் ஒன்று தங்களுக்கு இந்தப் பெயரைக் கொடுத்ததாக மணமகன் கூறுகிறார் என்று பிறிங்க்மன் முகத்தில் சலனமில்லாமல் எழுதிக்கொண்டார். வெளிநாட்டவரின் நம்பிக்கைகளை மதிக்கவேண்டும் என்று அந்த வருடம்தான் அவரை ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள்.

வெளியே படிக்கட்டில் வைத்து பேனாட் சேஷாத்திரியைப் பிடித்துக்கொண்டான். பறங்கி என்றால் போர்த்துக்கேயர், அண்ணை என்றால் மரியாதை, இதை உள்ளே போய் விளங்கப்படுத்துங்கள் என்று கேட்டான். சேஷாத்திரிக்கு உண்மையாகவே வருத்தம்.

"சார், பறங்கி என்னோட மிஸ்டேக். அதுக்கு கரெக்‌ஷன் குடுத்துடறேன். ஆனா அண்ணைங்கறதை நான் கரெக்டாத்தான் டிரான்ஸ்லேட் பண்ணேன். எக்ஸ்பிளெயின் பண்றது என் வேலை இல்ல சார், ஓத் எடுத்திருக்கேன்."

சொன்னபடியே அடுத்த நாள் திருத்தம் கொடுத்தான். முந்தைய வாக்குமூலத்தில் பூசணிக்காய் என்று வருமிடத்தில் எல்லாம் போர்த்துக்கேயர் என்று வாசிக்கவும்.

அந்தத் திருத்தத்தோடு பிறிங்க்மனுக்குப் பித்தம் தலைக்கேறியது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கை, காரணம் இல்லாமல் விளைவு இல்லை. பெயர் என்பது விளைவு. அதன் காரணம் கோப்பில் இருக்கவேண்டும். பெயருக்குக் காரணம் போர்த்துக்கேயர் என்றால் போர்த்துக்கேயர் மன்னாருக்குப் போனதற்குக் காரணம் என்ன? நகர நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் எடுத்தார். முத்து, கறுவாப்பட்டை என்று போட்டிருந்தது. அந்தக் கறுவாவுக்காக ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்து போர்த்துக்கேயரை அடித்தார்கள் என்றும், கண்டி ராசாதான் ஒருவனை விரட்ட மற்றவனைக் கூப்பிட்டான் என்றும், அது இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதையாய் முடிந்தது என்றும் தெரிந்துகொண்டார். அதன்பிறகு அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமை செய்த அப்பிள் கேக்கில் தெரிந்த கறுவாத் தூளைக் கரண்டியால் சுரண்டி ஓரத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிட்டாராம். விசாரணையில் இருக்கும் பொருளைச் சாப்பிடுவது நடுநிலைமைக்கு அழகல்ல என்று மனைவியிடம் சொன்னதாக நகரசபையில் பேசிக்கொண்டார்கள்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற இந்த மனிதரிடம் பேனாட் வாரத்துக்கு ஒரு தரம் போய் நின்றான். ஒவ்வொரு தரமும் பிறிங்க்மன் அவனை இருக்கச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். ஒல்லாந்தரின் வருகைக்கான காரணங்கள் யாவை? அதன் விளைவுகள் யாவை? பள்ளிக்கூடத்திலும் இதே கேள்விதான் பேனாட்டுக்கு வந்தது. காரணம் ஐந்து, விளைவு ஐந்து எழுதவேண்டும். பேனாட் அதை விட்டுவிட்டு, தேசப்படத்தில் ஆறுகளைக் குறிக்கிற கேள்வியைத்தான் செய்தான். விட்ட கேள்வி கடல் கடந்து தேடி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

நடுவில் பிறிங்க்மனே ஒரு வழி காட்டினார். ஜெர்மன் சட்டப்படி மச்சான் மச்சாள் கட்டலாம், தடையே இல்லை, நீங்கள் இருவரும் அப்படி இருந்துவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்றார். யூட்சன் துள்ளி எழும்பி, அப்ப மச்சாள் எண்டு சொல்லிப்போட்டு அலுவலை முடி என்றான். ஆனால் மச்சாள் என்று சும்மா சொன்னால் போதாது. இரண்டு பக்கத்துப் பாட்டன் பாட்டியின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். அவை இருந்த கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் சண்டையில் எரிந்துபோயிற்று என்றால், எரிந்துபோயிற்று என்று எரிந்த கச்சேரியே உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதம் வரை போகமுதலே கிறிஸ்ரினா மறுத்துவிட்டாள். இல்லாத முறையைச் சொல்லித் தாலி கட்டமாட்டன் என்றாள். அன்றைக்கு பேனாட்டுக்கு அவள் மேலிருந்த விருப்பம் கூடியது, கல்யாணம் நடக்கும் என்ற நம்பிக்கை குறைந்தது.

செப்டெம்பர் பிறந்ததும் அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு ஒரு சின்னப் பையில் இரண்டு சட்டையும் மடுக்கோயில் மாதா படமும் வைத்து, தன் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். விடியப்புறம் பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் உடுப்பு எடுக்க நேரம் தரமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். லூர்தம்மா அந்தப் பையைக் கண்டுவிட்டுக் குசினிக்குள் போய் நின்று அழுதாள். பேனாட் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அதில் கம்பி பூட்ட மறந்தான். பயம், வேறொன்றுமில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பிறிங்க்மன் பெரிய விசாரணை ஒன்று வைத்தார். நகரசபை மண்டபத்தில் நீண்ட மேசை, ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் தண்ணீர், ஒரு பெயர்ப்பலகை. ஒரு பக்கத்தில் போர்த்துக்கல் என்று எழுதியிருந்தது. அங்கே இருந்தவர் ஹெர் ஹாகமன், ஊர்ச்சந்தியில் வைன்கடை வைத்திருப்பவர். போர்த்துக்கல் வைன் விற்கிறபடியால் அந்த நாட்டின் கௌரவக் கொன்சல், அதாவது சம்பளமில்லாத தூதர், என்று அவருக்கு ஒரு பட்டம் இருந்தது. மற்றப் பக்கத்தில் நெதர்லாந்து. துலிப் பூங்கிழங்கும் பாற்கட்டியும் இறக்குமதி செய்கிற ஹெர் றைமர் அங்கே அமர்ந்திருந்தார். அவரும் அதே மாதிரியான கொன்சல். நடுவில் தமிழர்கள் மூவர், பேனாட், கிறிஸ்ரினா, சாட்சிக்கு யூட்சன். இரண்டு நாடுகளும் தங்களுக்கு மேலாகக் கதைத்துக்கொள்ளப் போகிற தோரணையைப் பார்த்து யூட்சனுக்கு முன்னொரு பிறப்பில் இதே இடத்தில் இருந்த மாதிரிப் பட்டதாம்.

மண்டபத்தில் பேசப்படுவதெல்லாம் முதற்சொல்லிலிருந்து கடைசிச்சொல்வரை மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று பிறிங்க்மன் உத்தரவிட்டார். சேஷாத்திரி தலையாட்டினான்.

முதலில் போர்த்துக்கல் எழுந்தது. குரூஸ் என்ற பெயர் தங்கள் நாட்டுப் பெயர்தான் என்பதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டது. ஆனால் மன்னார் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டில் கைமாறிவிட்டது. கடை கைமாறும்போது சரக்கும் சரக்கின் குறைகளும் புது முதலாளியையே சேரும் என்பது வியாபார நீதி. ஆகவே இந்த இருவரும் உடன்பிறந்தவர்களா இல்லையா என்பதை ஒல்லாந்து சொல்லட்டும் என்று ஹாகமன் இருந்துகொண்டார்.

ஒல்லாந்து எழுந்தது. நாங்கள் போனது கறுவாவுக்கும் முத்துக்கும் என்றார் றைமர். பொறுப்பேற்ற பொருட்களில் பீரங்கி இருந்தது, யானை இருந்தது, பெயர்கள் இருக்கவில்லை. அதுமட்டுமல்ல, நாங்கள் இந்த மக்களை எங்கள் கோயிலுக்கு வரச் சொன்னோம். எங்கள் கோயிலில் பதிந்த கல்யாணந்தான் செல்லும் என்று சட்டமும் போட்டோம். இவர்கள் பகலில் வந்து எங்களிடம் பதிந்துவிட்டு, இருட்டினதும் கத்தோலிக்கச் சுவாமியார் ஒளித்திருந்த வீட்டுக்குப் போய் இன்னொரு தரம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணமும் இரண்டு கல்யாணம். இதற்கெல்லாம் நாங்கள் எப்படிப் பொறுப்பு?

பிறிங்க்மன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதிந்தார்களா, எதில் பதிந்தார்கள் என்று கேட்டார். தோம்பு என்று சொல்லப்படும் பெரிய பதிவேடுகள், ஆள், காணி, கல்யாணம் எல்லாம் அதில் உண்டு என்றார் றைமர். பிறிங்க்மனின் முகம் மலர்ந்தது. அந்த நீண்ட கதையில் அவ்வளவு நேரமும் கப்பலும் பீரங்கியும் கறுவாவும்தான் வந்துகொண்டிருந்தன, கடைசியில் ஒரு அலுவலகம் வந்துவிட்டது. அந்தத் தோம்புகளை வரவழைப்போம் என்றார். எவ்வளவு காலம் எடுக்கும் என்று விசாரித்ததில் எட்டு மாதம் என்று தெரிந்தது. எட்டு மாதம் நியாயமான காலம் என்று அவர் எழுதிக்கொண்டார்.

பேனாட் எழுந்து, ஐயா, வெள்ளிக்கிழமை என்றான். வெள்ளிக்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தின் பொறுப்பு, இந்த அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை கிடையாது என்று பிறிங்க்மன் ஆறுதலாகச் சொன்னார். அதற்குள் மேசையின் இரு முனைகளிலும் இருந்த போர்த்துக்கலும் ஒல்லாந்தும் எழுந்து யன்னலோரம் போய், நத்தார்ப் பண்டிகைக்கு இருபது பெட்டி வைனுக்கு இத்தனை பெட்டி பாற்கட்டி என்று மெல்லிய குரலில் பேசி முடித்துக் கைகுலுக்கிக்கொண்டன. பறங்கியும் ஒல்லாந்தனும் அந்தக் காலத்திலேயே இப்படி யன்னலோரம் போயிருந்தால் இத்தனை பேர் செத்திருக்கத் தேவையில்லை.

முடிவுரைக்காகப் பிறிங்க்மன் எழுந்து நின்றார். இரவிரவாக எழுதிக்கொண்டு வந்த உரை.

"அந்தக் காலத்தின் பிழை எது என்று நான் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறேன். ஒழுங்கின்மை. ஐரோப்பியர் எவருடைய அழைப்பும் இல்லாமல் கடல் கடந்து போனார்கள். வேலை தேடிப் போனார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் வேலை செய்தவர்கள் அந்த ஊர்க்காரர். மொழி தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. இறங்கியவுடன் பெயர் வைத்தார்கள், வரி வைத்தார்கள். நல்ல காலம், அப்படி இன்று நடக்க முடியாது. இன்று ஒருவர் இன்னொருவருடைய நாட்டுக்குள் நுழைவதென்றால் தாள் வேண்டும். அதைப் பார்ப்பதற்குத்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்."

கொன்சல்மார் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். சேஷாத்திரி கடைசிச் சொல் வரை தமிழில் கொடுத்து முடித்தான்.

கிறிஸ்ரினா அப்போது தலையை நிமிர்த்தினாள். பயந்து பயந்து அவளுக்குப் பயம் தேய்ந்துபோயிருந்தது. சேஷாத்திரியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, அவரிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. இந்தப் பறங்கியும் ஒல்லாந்தரும் எங்கட ஊருக்கு வரேக்கை அவைக்கு ஆர் விசா குடுத்தது?"

சேஷாத்திரி முதற்சொல்லிலிருந்து தொடங்கினான். சகோதரனே, என்றான். அதற்கு மேலே போக பிறிங்க்மன் விடவில்லை. கையை உயர்த்தினார். நீங்களும் அவருடைய சகோதரனா என்று கேட்டார்.

மண்டபத்தில் எல்லாரும் சேஷாத்திரியைப் பார்த்தார்கள். அவனுக்கு வியர்த்துவிட்டது. உறவினருக்கு மொழிபெயர்ப்பது சத்தியத்துக்கு விரோதம், நிரூபித்துவிட்டால் இனி எந்த மண்டபத்திலும் வாய் திறக்க முடியாது. எட்டு வாரமாக விளக்கம் கொடுக்கமாட்டேன் என்று நின்றவன், தனக்கென்று வந்ததும் மடைதிறந்த வெள்ளமாய் விளக்கினான். அண்ணை என்றால் மூத்த சகோதரன் என்றும் பொருள், வயதில் மூத்த எந்த ஆணும் என்றும் பொருள். பஸ் ஓட்டுகிறவர் அண்ணை. மீன் விற்கிறவர் அண்ணை. முன்பின் தெரியாதவனிடம் வழி கேட்டால் அவனும் அண்ணை. நான் ஸ்ரீரங்கத்துக்காரன், இவர்கள் மன்னார்க்காரர், நடுவில் கடல் இருக்கிறது. அதுவும் போகட்டும், உங்களையே இந்தப் பெண் வெளியில் பிறிங்க்மன் அண்ணை என்றுதான் சொல்கிறாள், என் காதால் கேட்டேன்.

பிறிங்க்மன் கூடப்பிறப்பு இல்லாத தனிப்பிள்ளை. என்னையுமா என்று கிறிஸ்ரினாவைக் கேட்டார். அவள் ஓம் என்றாள். அவருடைய காது இரண்டும் சிவந்தன. அவர் மனம் இளகியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது வேறு. சட்டப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் தன் முடிவை அறிவித்தார். அந்தச் சொல்லுக்குச் சகோதரன் என்பதே பொருள் என்று வைத்தால், பதிவாளரான நானும் மணமகளின் சகோதரன். உறவினரின் கல்யாணத்தை நான் நடத்த முடியாது. எனக்கு உதவியாளர் கிடையாது. அப்படியானால் இந்த அலுவலகம் இயங்க முடியாது. ஆனால் அலுவலகம் இயங்கியே ஆகவேண்டும். ஆகவே அந்தச் சொல்லுக்குச் சகோதரன் என்று பொருள் இல்லை.

வியாழக்கிழமை காலை கல்யாணம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். யூட்சன் வாய்விட்டு அழுதுவிட்டான். பேனாட் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

எல்லாரும் எழும்பினபோது பிறிங்க்மன் இருங்கள் என்றார். மணமகளின் கேள்வி பதிவாகிவிட்டது, பதிவான கேள்விக்குப் பதில் கொடுக்காமல் விட முடியாது. விசா கொடுத்தது யார் என்று கொன்சல்மாரைப் பார்த்தார். ஹாகமன் கடையில் ஆள் இல்லை என்று தொப்பியை எடுத்தார். றைமருக்குக் கிழங்கு ஏற்றின லொறி வருகிற நேரம். இரண்டு நாடுகளும் ஒரே கதவால், ஒன்றை ஒன்று தள்ளாமல் வெளியேறின.

வியாழக்கிழமை லூர்தம்மா கிறிஸ்ரினாவுக்குப் பாரிஸிலிருந்து வந்த வெள்ளைச் சேலையை உடுத்திவிட்டாள். பதிவு அலுவலகத்தில் பிறிங்க்மன் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். பேனாட்டிடம் சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றான். கிறிஸ்ரினாவிடம் கேட்டார், ஓம் என்றாள். அந்த ஓமையும் சேஷாத்திரி கூட்டாமல், குறைக்காமல் மொழிபெயர்த்தான். கையெழுத்து வைத்தார்கள். முத்திரை விழுந்தது. அவளை இனி யாரும் விமானத்தில் ஏற்ற முடியாது.

பிறகு பிறிங்க்மன் இன்னொரு கோப்பை எடுத்தார். இரண்டு இரவு தேடியிருக்கிறேன் என்று தொடங்கினார். போர்த்துக்கேயருக்கு மன்னாரில் யாரும் விசா கொடுத்ததாகத் தெரியவில்லை. ஒல்லாந்தருக்குக் கண்டி ராசாவின் அழைப்பு ஒன்று இருந்திருக்கிறது, ஆனால் மன்னார் அவருடைய அதிகாரத்துக்குள் இல்லை, ஆகவே அது செல்லாது. சட்டப்படி இருவரும் வெளியேறவேண்டியவர்கள். வெளியேறவில்லை. முதலாமவர் நூறு வருடத்துக்குக் கிட்ட, இரண்டாமவர் அதற்கும் மேலே. வெளியேறவேண்டியவர் வெளியேறாமல் இருக்கிற நிலைக்கு எங்கள் சட்டத்தில் ஒரேயொரு பெயர்தான் உண்டு. டுல்டுங்.

சேஷாத்திரி அதைத் தமிழில் சொன்னான். பொறுத்துக்கொள்ளப்பட்டவர்கள்.

"பொறுத்துக்கொண்டது ஆராம்?" என்று கேட்டாள் கிறிஸ்ரினா.

உள்ளூர் மக்கள் என்றார் பிறிங்க்மன். அவள் பூச்செண்டை மாமியார் இல்லாத கல்யாணத்தில் மாமியாருக்குப் பதிலாக நின்ற லூர்தம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்படியானால் அதை எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கோ என்றாள். பிறிங்க்மனுக்கு அது நியாயமாகப் பட்டது. புதுத் தாள் ஒன்றை எடுத்து ஒழுங்காக நிரப்பிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். டுல்டுங் என்றால் எந்தத் தேதியோடு முடிகிறது என்று போடவேண்டும், அவர்கள் எப்போது வெளியேறினார்கள் என்று கேட்டார்.

கிறிஸ்ரினா, தான் சற்று முன் கையெழுத்து வைத்த இடத்தைப் பார்த்தாள். அதில் கிறிஸ்ரினா குரூஸ் என்று இருந்தது. பக்கத்தில் பேனாட் குரூஸ்.

"அதை வெறுமையா விடச் சொல்லுங்கோ," என்றாள். "அவை இன்னும் போகேல்லை. எங்கட பேரிலைதான் இருக்கினம்."